புதுக் கோயிலின் முதல் கல்யாணம்

தெமோதரைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் யேசுரத்தினத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு நல்ல வார்த்தை வரும், பிறகு ஒரு பெருமூச்சு வரும். நல்ல வார்த்தை அவருடைய உழைப்புக்கு, பெருமூச்சு அவருடைய பிடிவாதத்துக்கு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். ஒருநாள்கூடப் பிந்திப் போனதில்லை. சொன்ன சொல்லை மாற்றியதும் இல்லை. இந்த இரண்டையும் அவரே சொல்லிக்கொள்வார், அதுவும் அடிக்கடி.

மீரியபெத்தையில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்த பிறகு, அதிகாரிகள் இந்தப் பக்கத்து மலைகளையும் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் பீடத்துக்குப் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. முஷ்டியை உள்ளே விடலாம். சபையார் அதன்மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டு வைத்திருந்தார்கள், துணி போட்டால் மலை நின்றுவிடும் என்பதுபோல. வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்தார்கள், உள்ளே போகக்கூடாது என்று கதவில் ஓர் அறிவித்தலை ஒட்டினார்கள், போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு முதல் ஆராதனை பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டது யேசுரத்தினத்தின் ஒரே மகள் ஜெனிற்றா. சனிக்கிழமை பின்னேரம் தொட்டில்களை எல்லாம் சுருட்டிக் கூரை வளையில் கட்டுவாள். தரையைக் கழுவிப் பாய் விரிப்பாள். எவ்வளவு கழுவினாலும் பால் வாடை போகாது. சுவரில் அம்மா, ஆடு, இலை என்று படங்கள். போதகர் பரலோகத்தைப் பற்றிப் பேசும்போது அவர் தலைக்கு மேலே ஓர் ஆடு பார்த்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு மாதம் இளசுகள் சிரித்தார்கள், பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. இன்னும் ஒரு வருஷந்தான், புதுக் கோயில் வந்துவிடும் என்றார்கள். தோட்டத்துரை இடமும் கொடுத்தார். கட்டடக் கமிட்டி ஒன்று போட்டார்கள். ஜன்னல் வளைவாக வேண்டுமா சதுரமாக வேண்டுமா என்று அந்தக் கமிட்டி ஐந்து கூட்டம் கூடியது.

இரண்டாம் வருஷம் யேசுரத்தினத்தின் மனைவி செபஸ்தியம்மா காய்ச்சலில் கிடந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். பண்டாரவளைப் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இவருக்காகச் சபை மாறி வந்தவள். பிள்ளைக்காம்பராவில் பெட்டியை வைக்கத் தோதான மேசை இல்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை வாங்குப் பலகைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். பெட்டி தரைக்கு ஒரு முழத்தில் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். யேசுரத்தினத்துக்கு அந்த ஒரு முழம் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் தன்னோடு வாழ்ந்தவளை ஒரு மேசையில்கூட வைத்து அனுப்ப முடியவில்லையே என்று உள்ளுக்குள் அழுதார்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

"ஆண்டவருக்கு முன்னாலயும் சபைக்கு முன்னாலயும் பொருத்தன பண்றேன். எங்க வீட்டுல இன்னொரு காரியம் இந்த அறையில நடக்காது. புதுக் கோயில்ல மொதக் கல்யாணம் ஏம் மக கல்யாணந்தான். அதுவரைக்கும் நான் அந்தக் கட்டடத்துல சும்மா கூலி வேல செய்வேன்."

சபை ஆமென் சொன்னது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ள வேண்டியவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெனிற்றாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது.

மனிதர் சொன்னபடியே செய்தார். வேலை விட்டு வந்த கையோடு கல் சுமந்தார், மணல் சலித்தார், மழை நாளில் சீமெந்து மூட்டைக்குத் தன் போர்வையைப் போர்த்தினார். இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளையும் அமைந்தான். றுஷாந்தன், எல்லவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அதிகம் பேசாத பையன். நிச்சயம் முடிந்தது. கோயில்தான் முடியவில்லை. சுவர் எழும்பியபோது உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிப்பு வந்தது, நாடே அடங்கிக் கிடந்தது. பிறகு ஊரையே முடக்கிய தொற்றுநோய் வந்தது. பிறகு சீமெந்தும் இல்லை, பெற்றோலும் இல்லை, தகரம் ஏற்றி வர லொறியும் இல்லை. எல்லவுக்கு வெள்ளைக்காரர் வரவில்லை, ஹோட்டல் இழுத்து மூடினார்கள். றுஷாந்தனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது.

அவன் தாய் புஷ்பராணி ஒருநாள் பஸ் இல்லாமல் நடந்தே வந்தாள்.

"அண்ணே, அவன் அடுத்த மாசம் போறான். போறதுக்கு முன்ன பிள்ளக்காம்பராவுலயே வச்சு முடிச்சிருவோமே. பத்துப் பேர் போதும்."

"அந்த அறையில நடக்காது தங்கச்சி. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

போதகரும் சொல்லிப் பார்த்தார். சின்ன வயதுக்காரர், பயந்து பயந்துதான் பேசினார். "ஐயா, ஆண்டவர் இத உங்ககிட்ட கேக்கலங்களே."

"கேட்டா குடுக்கிறது காணிக்க இல்லீங்க ஐயா," என்றார் யேசுரத்தினம். அந்தப் பதிலில் அவருக்கே ஒரு பெருமை. கூரை மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றும் சொன்னார். வந்தது இரண்டு வருஷம் கழித்து.

றுஷாந்தன் போனான், ஒருமுறை லீவில் வந்தான், திரும்பிப் போனான். அதற்கு மறுவருஷம் அப்புத்தளையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தது. யேசுரத்தினம் கொதித்துப் போனார். தொழிற்சாலையிலும் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் அவருக்கு ஒரே பேச்சு. "பொறுக்கத் தெரியாத பய. ஏம் புள்ளைய நடுவுல விட்டுட்டுப் போய்ட்டான்." ஜெனிற்றா எப்போதும்போலக் காலையில் அறையைத் திறந்தாள், அடுத்தவர் பிள்ளைகளைத் தாலாட்டினாள், மாலையில் பூட்டினாள். மகள் தைரியசாலி என்று தகப்பன் நினைத்துக்கொண்டார். பக்கத்து அறையில் படுக்கிற மகளை அவர் கொஞ்சமும் அறிந்திருக்கவில்லை.

போன வருஷம் ஓகஸ்டில் புதுக் கோயில் பிரதிஷ்டை ஆனது. தொழிற்சாலை சங்கு ஊதி முடிந்த கையோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கதவைத் திறக்கும் மரியாதையை யேசுரத்தினத்துக்குக் கொடுத்தார்கள். திறந்தார். உள்ளே வர்ணம் மணத்தது. எல்லோரும் அழுதார்கள், அவரும் அழுதார். அந்த நாளிலும் கமிட்டியில் ஒருவர் காதோடு சொன்னார்: "ஒங்க பொருத்தனைக்காக மொதக் கல்யாணத்த நிப்பாட்டி வச்சிருக்கோம் அண்ணே. கீழ் டிவிஷன்ல ஒரு சோடி கேட்டுச்சு, பொறுங்கன்னுட்டோம்." யேசுரத்தினம் பெரிய மனிதர்போலத் தலையாட்டினார்.

பகல் சாப்பாட்டின்போது புஷ்பராணி வந்திருந்ததைக் கண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நேரே வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏம் மகனப் பத்தி நீங்க பேசறதெல்லாம் காதுல விழுந்துச்சு. கோயில் நாள் வரைக்கும் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். இன்னைக்குக் கேட்டுக்கங்க. அவன் வெளிநாடு போறதுக்கு மொத வாரம் பிள்ளக்காம்பராவுக்கு வந்தான். பதுளையில பதிவு எழுத்து எழுதிப்போம், கோயில் பொறவு பாத்துக்கலாம்னு கெஞ்சுனான். ஜெனிற்றா மாட்டேன்னுருச்சு. லீவுல வந்தப்பவும் கேட்டான். அப்பா சபையில தலகுனிய நான் விடமாட்டேன்னுச்சு. ரெண்டு தரம் அண்ணே. மூணாந்தரம் போய்க் கேளுடான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

யேசுரத்தினம் கையில் வைத்திருந்த சோற்றுத் தட்டை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. கோயிலுக்குப் பின்னால் பைப்படியில் ஜெனிற்றா பெரிய சோற்றுக் கிடாரம் ஒன்றைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்மயிரில் இரண்டு நரை. அதை அவர் அன்றுதான் பார்த்தார்.

"அந்தப் பையன் வந்தத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா சரின்னுருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லுவான். ஆனால் அன்றைக்கு இருந்த தன்னை அவருக்குத் தெரியும். ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லும், அதைச் சொன்ன தானும் அவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தன என்பதும் தெரியும்.

"இல்லம்மா," என்றார்.

"அதாம்ப்பா," என்றாள் ஜெனிற்றா. கிடாரத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை இழுத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு புதுக் கோயிலில் முதல் ஆராதனை. சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்தார். கோயில் கட்டி முடிந்த சந்தோஷத்தைச் சொல்லப் போகிறார் என்று சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஒம்பது வருஷத்துக்கு முன்ன நான் ஒரு பொருத்தன பண்ணேன். சம்சாரம் செத்த வேதனையில பண்ணேன். பொறவு அத வீம்புக்குப் புடிச்சுக்கிட்டேன். றுஷாந்தன் பொறுக்கலன்னு ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். அந்தப் பையன் பொறுத்தான். ஏம் மகளும் பொறுத்தா. ரெண்டு பேர் வாழ்க்கையையும் கெடுத்தது நான். சபையார் என்ன மன்னிக்கணும். கீழ் டிவிஷன் சோடி மொதல்ல கட்டட்டும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல வாரமாக வைத்திருந்த தாளை எடுத்து, அந்தச் சோடியின் கல்யாண அறிக்கையை வாசித்தார். இதற்குத் தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்டார். யேசுரத்தினம் பெண்கள் பக்கம் பார்க்கப் பயந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து அவர் தனியாகப் படியிறங்கினார். ஜெனிற்றா வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் படியில் நின்றாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ப்பா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.