எங்கள் சந்தில் தொழிலே கிடையாது

எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது, பம்பாய் இந்திதான் வரும். தாராவியில் பிறந்து வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். வீட்டுக்குள் திருநெல்வேலிப் பேச்சு, சண்டைக்கு இந்தி. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததே கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான். இரண்டு வரி எழுதிவிட்டேன், ஆறக் காணோம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஒரு குடோனில் வாட்ச்மேன். நான் செம்பூரில் ஓர் ஆபீசில் பில் போடுகிறேன். ஆனால் குடும்பத்தைத் தாங்குவது நாங்கள் இரண்டு பேரும் இல்லை, மதினிதான். அவள் முறுக்குச் சுடுகிறாள். கீழே இருப்பது ஒரே அறை. அதன் பின்பாதியைப் பிளைவுட் தட்டி வைத்து மறைத்து, உள்ளே பெரிய அடுப்புகள் போட்டிருக்கிறாள். காலையில் சந்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் பிழிகிற கை நிற்காது. மாட்டுங்கா மார்க்கெட், செம்பூர், பாண்டுப், அம்பர்நாத் என்று எங்கெங்கோ சரக்குப் போகிறது. தீபாவளிக்கு முந்தின மாதம் எங்களுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்காது. எல்லா இடத்திலும் தகர டின்தான்.

ஆனால் எங்கள் சந்தில் தொழிலே கிடையாது. யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். எதிர் வீட்டில் பெல்ட் தைக்கிறார்கள், அடுத்த வீட்டில் பட்டன் வைக்கிறார்கள், முனையில் அப்பளம். கேட்டுப் பாருங்கள், எல்லாம் வீடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் பூசணித் தோட்டத்தையே மறைத்து வைத்திருந்தோம். வேடிக்கைக்காக இல்லை. கரண்ட் மீட்டர் வீட்டு ரேட்டில் ஓடுகிறது. சிலிண்டர் வீட்டுச் சிலிண்டர். தொழில் என்று வாயைத் திறந்தால் முனிசிபாலிட்டிக்காரன் லைசென்ஸ் எங்கே என்பான். லைசென்ஸ் கேட்டுப் போனால், தாராவிக்குள் இந்த இடத்துக்குத் தர முடியாது என்பான். தராததை ஏன் வாங்கவில்லை என்று கேட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போவான். வருகிறவன் எவனாக இருந்தாலும் வாசலில் நின்று முதலில் கேட்பது ஒரே கேள்வி. “கர் ஹை யா தந்தா?” வீடா, தொழிலா? எங்கள் சந்தில் பிறந்த குழந்தைக்கும் பதில் தெரியும். “கர் ஹை, சாப்.”

இதற்கு ஒரு கூப்பாடும் வைத்திருந்தோம். எங்களுக்குத் தண்ணீர் வருவது விடிகாலையில் மட்டும். பகலில் யாராவது “தண்ணி வந்துட்டு!” என்று கத்தினால் யாரும் குடத்தைத் தூக்க மாட்டார்கள். அடுப்பு அணையும், மிஷின் மேல் போர்வை விழும், டின் கட்டிலுக்கு அடியில் போகும். ஆபீசர் உள்ளே நுழையும்போது ஒவ்வொரு வீட்டிலும் குடும்பமாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படி இருக்கும்போதுதான் ரீடெவலப்மென்ட் வந்தது, இருப்பதை எல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிற திட்டம். மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். நாற்காலி, தண்ணீர் பாட்டில், பெரிய திரை. திரையில் புதுத் தாராவியைக் காட்டினார்கள். கண்ணாடிக் கட்டடம், வரிசையாக மரம், நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு பெண். எங்களில் ஒருவர் முகம்கூட அதில் இல்லை. கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, இது பிசினஸ் ஹப் ஆகப்போகிறது, உங்கள் தொழில் வளரும், உங்கள் பொருள் வெளிநாடு போகும் என்றார். மதினியின் முறுக்கு எப்போதோ துபாய் போய்விட்டது, மாட்டுங்கா மாமிகளின் பெட்டியில். அதற்கு இவர்கள் யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். நாங்களும் கைதட்டினோம். அதை நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு சர்வேக்கு ஆள் வந்தார்கள். கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை, சின்னச் சின்னப் பையன்கள். நான் ஆபீசில் இருந்தேன். வீடு மதினி பேரில் இருப்பதால் அவளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். அதே கேள்வி. மதினி மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதே பதிலைச் சொல்லிவிட்டாள். சந்து முழுக்க அதே பதில்தான். சாயங்காலம் நான் வந்ததும் பெருமையாகச் சொன்னாள், “ஒண்ணும் பிரச்சினை இல்லட்டி. ஒரு நிமிஷத்துல அனுப்பிட்டேன்.”

வீடு என்று எழுதினால் என்ன, தொழில் என்று எழுதினால் என்ன என்பதைப் பிற்பாடுதான் சொன்னார்கள். வீடு என்றால் எங்கேயோ உயரத்தில் ஒரு ஃப்ளாட். அங்கே பெரிய அடுப்பு வைக்கக் கூடாது, சரக்கு அடுக்கக் கூடாது, வெளியாள் வந்து வேலை செய்யக் கூடாது. தொழில் என்று எழுதியிருந்தால்தான் கீழே தொழிலுக்கு ஒரு கடை. லிஃப்ட் வைத்த கட்டடத்தில், மூடின ஜன்னலுக்குப் பின்னால், மதினி என்னத்தைப் பிழிவாள்? அவளோடு உட்காருகிற அந்த நாலைந்து பெண்கள் எங்கே போவார்கள்? தொழிலை வளர்க்க வந்தவர்கள் எங்கள் தொழிலை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அந்த வார்த்தையையும் எங்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். கேட்கும் முன்னாலேயே இதற்குத்தான் கேட்கிறோம் என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

நான் லீவு போட்டுவிட்டு அவர்கள் ஆபீசுக்குப் போனேன். ஏசி அறை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தொழில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார். லைசென்ஸ், தொழில் மீட்டர் பில், ஏதாவது ஒன்று. அவை இல்லாமல் இருப்பதற்குத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டோம். சரி, சரக்கு வாங்குகிற கடையில் ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள் என்றார். நேராக மாட்டுங்காவுக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், நல்ல மனிதர். மதினியின் முறுக்கு இல்லாமல் அவருக்குப் பண்டிகை கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தப்பா நினைச்சுக்காதம்மா. இதை நான் ஹோம்மேடுன்னு போட்டு விக்கறேன். வாங்கறவா, ஏதோ மாமி ஆத்துல பண்றான்னு நினைச்சுண்டு வாங்கறா. தாராவின்னு நானே எழுதிக் குடுத்தா நாளைக்கு இந்தப் படியில எவா ஏறுவா, சொல்லு?”

அவர் தலைக்கு மேல் எங்கள் பாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஹோம்மேட். தாராவியில் வீடு என்று பொய் சொன்னால் பிழைக்கலாம், மாட்டுங்காவில் வீடு என்று பொய் சொன்னால் கூடுதல் விலை வைக்கலாம். நிஜத்தைச் சொல்லக் கேட்டால் மட்டும் இரண்டு இடத்திலும் ஆள் கிடையாது. நான் வாய்க்கு வந்ததை இந்தியில் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். அடுத்த வாரமும் அவருக்குச் சரக்குப் போனது. வேறு என்ன செய்வது, அதில்தான் சோறு.

கடைசியில் நான் விடாமல் நச்சரித்ததில் சர்வே ஆபீசில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆபீசர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். ஒரே ஒரு தடவை. அவர் கண்ணால் பார்த்து, வீட்டுக்காரி வாயால் தொழில் என்று சொன்னால், தொழில் என்று மாற்றி எழுதுவார். இல்லையென்றால் வீடுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

மதினிக்கு நான் பாடம் எடுத்தேன் என்றே சொல்ல வேண்டும். நான் ஆபீசர் மாதிரி வாசலில் நிற்பேன். “கர் யா தந்தா?” அவள் “தந்தா” என்பாள், சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். “ஏதோ கெட்ட வார்த்த பேசுத மாதிரி இருக்குட்டி” என்றாள். அண்ணன்கூடச் சிரித்தான். தட்டியைக் கழற்றி மாடியில் போட்டோம். பிழிகிற பெண்களைத் தலைக்குத் துணி கட்டச் சொன்னேன். எல்லா அடுப்பும் எரியட்டும், டின்னை வாசல் வரைக்கும் அடுக்குங்கள், இன்றைக்கு ஒரு நாளாவது ஊர் பார்க்கட்டும் என்றேன்.

அன்றைக்கு நான் மெயின் ரோட்டில் போய் நின்றேன். ஆபீசர் வந்தார். கூட டேப்லெட் பையன் ஒருவன், அவனோடு ஒரு போலீஸ்காரர். போலீஸ் வருமென்று யாரும் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டேன். போன வாரம் வேறொரு சந்தில் தகராறு, அதனால் பாதுகாப்புக்கு என்றார். முறுக்குச் சுடுகிற பெண்களிடமிருந்து பாதுகாப்பு!

எங்கள் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அவர்கள் முன்னால் போக நான் கடைசியில் போனேன். வளைவில் காக்கிச் சட்டை திரும்பியதுதான் தாமதம், யாரோ ஒரு பெண் குரல் மேலேயிருந்து கத்தியது.

“தண்ணி வந்துட்டு!”

“இல்ல, இல்ல! இது அது இல்ல!” என்று பின்னாலிருந்து கத்தினேன். முந்திக்கொண்டு ஓடலாமென்றால் மூன்று ஆண்கள் அடைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவுகள் சாத்துகிற சத்தம். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் டின்னைக் காணோம். தலையில் துணி கட்டின ஒருத்தியையும் காணோம். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் போட்ட தட்டி எப்படியோ கீழே வந்து பின்பாதியை மறைத்து நின்றது. கட்டிலில் மதினி, வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது.

ஆபீசர் மோசமான ஆள் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

“எண்ணெய் வாசம் அடிக்கிறதே?” என்று இந்தியில் கேட்டார்.

“வீட்டில் விசேஷம், சாப். பலகாரம் சுட்டோம்.” மதினி கண் இமைக்காமல் சொன்னாள்.

“இவர்கள் எல்லாம்?”

“சொந்தக்காரர்கள்.”

“மதினி!” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்வை போலீஸ்காரர் பெல்ட்டிலேயே இருந்தது. நான் ஆபீசர் பக்கம் திரும்பி, அவள் பயத்தில் பொய் சொல்கிறாள், தட்டியைத் தள்ளிப் பாருங்கள், இது தொழில்தான் என்றேன். அவர் வீட்டுக்காரி சொல்லட்டும் என்று கையைக் காட்டினார். பிறகு மதினியிடம், குழந்தையிடம் கேட்பதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “கர் ஹை? யா தந்தா?”

நாங்கள் பழகிப் பார்த்த ‘தந்தா’ அவள் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். போலீஸ்காரர் கால் மாற்றி நின்றார், பூட்ஸ் தரையில் உரசியது.

“கர் ஹை, சாப்.”

பையன் டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான். அவர்கள் படி இறங்கின பிறகுதான் மதினி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். அவசரத்தில் சட்டியைத் தூக்கியதில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்து தோல் சுருண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் அத்தனை கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். பெண்கள் ஐயோ என்று ஓடி வந்தார்கள். அவள் என்னைப் பார்த்து, “வாய் தானா சொல்லிட்டுட்டி” என்றாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியாது. செருப்பில்லாமல் சந்தில் இறங்கி ஓடினேன். “தந்தா ஹை, சாப்! தந்தா ஹை! வந்து பாருங்கள், ஒவ்வொரு வீட்டிலும் தொழில்தான்! பெல்ட், பட்டன், அப்பளம், முறுக்கு, எல்லாம் தொழில்!” தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சந்தில் இதுவரை யாரும் சத்தமாகச் சொல்லாத வார்த்தை அது. அவர்கள் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. எதிர் வீட்டு பெல்ட்டுக்கார அக்கா ஓடி வந்து, பசை ஒட்டின கையால் என் வாயை இறுக்கிப் பொத்தினாள். அவள் வீட்டையும் வீடு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பயத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“பையப் பேசுட்டி, பாவி! போலீசு காதுல விழுந்துரப் போவுது.”