தோழியின் மென்பொருளில் நான்

நாவல் எழுத உதவும் மென்பொருளைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். உண்மையில், என் தோழி இரண்டே வருடத்தில் நாவலை எப்படி முடித்தார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். ஒரே கோடை விடுமுறையில்தான் எழுத ஆரம்பித்தோம். லீவ் லெட்டர் அடிக்கிற சாதாரண வேர்டு ஃபைலில் நான் எழுதினேன். அவர் நாவலாசிரியர்களுக்கென்றே செய்த மென்பொருளை வாங்கினார். அவருடைய நாவல் பதிப்பகத்துக்குப் போய்விட்டது. என்னுடையது ஏழாம் அத்தியாயத்தில் நின்றது. வயிற்றெரிச்சலில் நானும் அதே மென்பொருளை வாங்கினேன். இரண்டு மாதம் அத்தியாயங்களுக்குக் கலர் மாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு பக்கம் நகரவில்லை.

தோழி லேப்டாப்பைத் திறந்து வைத்தார்.

"ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு கார்டுங்க. எப்படிப் பேசுவாங்க, எப்படி நடப்பாங்க, எல்லாத்தையும் இதுல போட்டு வச்சுடுவேன். பாத்துட்டு இருங்க, காபி போட்டுட்டு வரேன்."

நான் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் 'பக்கத்து கிளாஸ் டீச்சர்' என்று இருந்தது. 'பாராட்டும்போது உதடு சிரிக்கும். விரல் மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருக்கும். ரொம்ப நல்லா இருக்கு என்று சொன்ன கையோடு, எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்பாள்.'

குனிந்து பார்த்தேன். என் தலைப்பு கயிறுபோல் முறுகியிருந்தது.

காபியுடன் வந்தவர் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"படிச்சிட்டீங்களா?"

"படிச்சேன்."

"எடுத்துடுறேங்க. வருத்தப்படாதீங்க."

"வேணாம், இருக்கட்டும். நல்லா எழுதியிருக்கீங்க."

அந்த ஒரு முறை மனதாரத்தான் சொன்னேன். அவர் என் பொறாமையைக் கண்டுகொண்டது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மூன்றே வரியில் ஒரு ஆளைக் கண்முன் நிறுத்திவிட்டாரே, அதுதான் எரிந்தது. அந்த மூன்று வரியை எந்த மென்பொருளும் அவருக்குக் கொடுத்திருக்காது. அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவருடைய பக்கக் கணக்கை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேர்டு ஃபைலைத் திறந்தேன். தோழியின் நாவலில் தன்னையே படித்துவிடும் ஒரு ஆசிரியையை எழுதினேன். விளக்கு வைப்பதற்குள் நாலு பக்கம் ஆகியிருந்தது. ஏழாம் அத்தியாயம் அப்படித்தான் முடிந்தது.

அவருடைய புத்தகம் இந்த வருடம் வந்துவிட்டது. நான் பதினோராவது அத்தியாயத்தில் இருக்கிறேன். பொறாமை இன்னும் போகவில்லை.