ஒரு ராத்திரி தூரம்

கொழும்பில் கடை வைத்திருந்தவருக்கு அக்காவைப் பெண் கேட்டு வந்தபோது அம்மா பிடி கொடுக்கவே இல்லை. கடல் தாண்டிக் கொடுத்துவிட்டு, ஆத்திர அவசரத்துக்கு யார் ஓடுவது என்றாள். பேச வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா வாய்ச்சாலகர்.

"அண்ணாச்சி, பாபநாசத்துக்கு வண்டி கட்டிப் போறதவிட கொழும்பு பக்கம்லா. தூத்துக்குடியில சாயந்தரம் கப்பல் ஏறுனா விடிய அங்கன இறங்கிரலாம். ஒரு ராத்திரி தூரம்" என்றார் அப்பாவிடம்.

எங்கள் பக்கம் தூரத்தைப் பொழுதால்தான் சொல்வோம். மைல் கணக்கெல்லாம் சர்க்கார் கச்சேரிக்காரர்களுக்கு. ஒரு ராத்திரி என்ற சொல்லில் அம்மாவும் அடங்கிப்போனாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் சம்பந்தி வீட்டார், பிள்ளைத்தாச்சி கடல் தாண்டக் கூடாது என்று அக்காவை அனுப்ப மறுத்துவிட்டார்கள். பெண் கேட்டு வந்த அன்று அவர்கள் கண்ணில் படாத கடல் அது. அம்மா சண்டைக்குப் போகவில்லை. ஒரு ராத்திரிதானே, நாமே போய்விடுவோம் என்று பிரசவ மருந்தை இடித்து மூட்டை கட்டினாள். அப்பாவும் நானும் கூடப் புறப்பட்டோம்.

தூத்துக்குடிக்குள் நுழையும் முன்பே எங்களை ரயிலிலிருந்து இறக்கினார்கள். பிளேக் காலம். கப்பலின் திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து போகிறவர்கள், நோய் இல்லை என்று தெரியும்வரை முகாமில் கிடக்க வேண்டுமாம். தனி அறை எடுத்தவர்களை டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து அனுப்பிவிடுவாராம். அவர்களுக்குத்தான் கொழும்பு ஒரு ராத்திரி. மாப்பிள்ளையின் சித்தப்பா அதைச் சொல்லவில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாதோ என்னவோ. அந்தச் சமாதானம் எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை.

தகரக் கொட்டகையில் எத்தனை நாள் கிடந்தோம் என்பது மறந்துவிட்டது. உடுத்தியிருந்த துணியைத் தவிர மற்றதையெல்லாம் ஆவியில் வேகவைத்தார்கள். மருந்து மூட்டையும் வெந்து களியாய் வந்தது. டாக்டர் வரும்போதெல்லாம் அம்மா எழுந்து நின்று, மகளுக்கு இது பேறுகால மாசம் என்று கும்பிடுவாள். அவர் அக்குளில் கட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஒருவழியாகக் கொழும்பில் இறங்கி வீட்டுக்குப் போனபோது அக்கா பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் ஆண்பிள்ளை தூங்கியது. அக்கா பிழைத்ததே பெரிது என்று மாப்பிள்ளை வாசலிலேயே சொல்லிவிட்டார். அம்மா ஓடிப்போய் அவள் தலையைத் தடவினாள். அக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரொம்பப் பையத்தான் பேசினாள்.

"வலி தாங்கல. அம்மா அம்மான்னு கத்துனேன். பக்கத்து வீட்டுச் சிங்களத்தி ஓடி வந்துட்டா. அவங்க பாஷையிலயும் அம்மான்னா அம்மாதானாம். விடிய விடிய அவ கையத்தான் புடிச்சுக்கிட்டு கெடந்தேன்."

பிள்ளையைத் தூக்கக் குனிந்த அம்மா, வேற்றாள் மாதிரி அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள்.