குளத்தூருக்கு வராத ஓட்டு

அம்மாவுக்குக் கல்யாணமாகி, நான் பிறந்து, எனக்குக் காது குத்தி, நான்காம் வகுப்பும் முடிக்கப் போகிற நேரம் அது. அம்மாவின் ஓட்டு மட்டும் குளத்தூருக்கு வந்து சேரவில்லை. அது மீமிசலுக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரிலேயே கிடந்தது. மாவட்டத்தின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அவளுடைய ஓட்டு. சட்டமன்றத் தேர்தல் வருகிறது என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

ஓட்டர் லிஸ்டில் பேரை இந்த ஊருக்கு மாற்றுவது அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள். படிவத்தை வாங்கிப் பழைய விலாசமும் புது விலாசமும் எழுதி, போட்டோ ஒட்டி, ரேஷன் கார்டு ஜெராக்ஸோடு கொடுக்க வேண்டும். பிறகு பூத் ஆபீசர் வீட்டுக்கு வந்து, ஆள் அங்கேதான் குடியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவார். எங்கள் தெருவுக்கு அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் அங்கன்வாடி டீச்சர். பதினெட்டு வயது முடிந்த பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பிடித்துச் சேர்த்த மனுஷி, என் அம்மாவிடம் தோற்றுப்போனார்.

முதல் தடவை அம்மா கொடுத்த போட்டோ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக எடுத்தது. இரட்டைச் சடை, ரிப்பன். "இது யாருங்க, ஒங்க தங்கச்சியா?" என்று டீச்சர் கேட்டார். புதிதாக எடுத்துத் தருகிறேன் என்ற அம்மா எடுக்கவே இல்லை. அடுத்த தடவை எல்லாம் சரியாக இருந்தது. டீச்சர் ஆள் பார்க்க வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. வாசலிலேயே மாவு மில் இருக்க, அன்றைக்கென்று மூன்று தெரு தள்ளியிருந்த மில்லுக்குப் போயிருந்தாள் அம்மா. மறுபடி வந்தபோதும் பூட்டுதான்.

கடைசியில் அப்பாவே பொறுப்பை எடுத்துக்கொண்டார். அம்மாவை ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார். படிவத்தைத் தன் கையாலேயே எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அப்பாவின் வெல்டிங் பட்டறை பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. ரோட்டைத் தாண்டினால் முகாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "வேல மும்முரத்துல மறந்தே போச்சு. முகாமும் இன்னையோட முடிஞ்சிருச்சாம்" என்றார். அப்புறம் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினார். அரசாங்கம் என்ன செய்யும் பாவம், பையில் இருந்த காகிதத்தை அதுவா வந்து எடுத்துக்கொள்ளும்?

சரி, ஓட்டு அங்கே இருந்தால் போய்ப் போட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். என் காதுகுத்தில் மாமா வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கியபோது, முதல் பந்தியில் அப்பாவின் பங்காளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் தாய்மாமனுக்கு இரண்டாம் பந்தியா? மாமா இலையில் கை வைக்காமல் எழுந்து போனார். அன்றோடு போக்குவரத்து நின்றது. அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா இங்கிருந்து சொன்னார். இவர்கள் மிதிக்கக் கூடாது என்று மாமா அங்கிருந்து சொன்னார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், ஆனாலும் சண்டை தீரவில்லை. யாரோ தின்ற கறிச்சோற்றுக்கு, காதைக் கொடுத்த நான் எத்தனை வருஷம் அவதிப்பட்டேன்!

மாமா வீட்டில்தான் பெரியம்மாவும் இருந்தாள். அம்மாவுக்கு ஒரே அக்கா. புருஷன் போன பிறகு பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். அந்தத் தை மாதம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆயிற்று. மீமிசலிலிருந்து மீன் ஏற்றி வருகிறவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அம்மா போய்ப் பார்க்கவில்லை. போகிறேன் என்று கேட்கவும் இல்லை. கேட்டுத்தான் பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் ஓட்டு விஷயத்தில் அப்பா கறாரானவர். காய்ச்சலோடு படுத்திருந்தாலும் போய்ப் போட்டாக வேண்டும். தேர்தலன்று விடிகாலையிலேயே என்னையும் அம்மாவையும் பஸ் ஏற்றினார். "அங்கிட்டு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஓட்டப் போட்டமா, வந்தமான்னு இருக்கணும்" என்றார். அம்மா தலையாட்டினாள். தெருப்பிள்ளைகள் லீவு நாளைக் கொண்டாட, நான் மட்டும் துணைக்குப் போகவேண்டுமாம்.

புதுக்கோட்டையில் ஒரு பஸ், அறந்தாங்கியில் ஒரு பஸ். ஊருக்கு ஓட்டுப் போடப் போகிற கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. யாரோ ஒருவருடைய கூடையின் மேல்தான் எனக்கு இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றபோது வெயில் உச்சியில் இருந்தது. மாமா வீட்டு ஓடு அங்கிருந்தே தெரிந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்ப் பெண்கள் வரிசையில் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்தாள். சேலைத் தலைப்பால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். "வந்துட்டியாத்தா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் விரலில் மை இருந்தது. காலையிலேயே போட்டுவிட்டாள். போட்டவள் எதற்கு மறுபடி வரிசையில் நிற்கிறாள்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வரிசை மளமளவென்று நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டே பேர். அப்பாடா என்று நினைத்தேன். அம்மா திரும்பி, பெரியம்மாவுக்குப் பின்னால் நின்றவளிடம், "நீங்க கைப்புள்ளக்காரி, முன்னால போங்க" என்றாள். அடுத்து ஒரு வயசான ஆத்தா. அடுத்து வேலைக்குப் போகவேண்டியவள். அதற்கப்புறம் காரணமே சொல்லவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டாள். கதவுக்குக் கிட்டே போவதும் கடைசிக்கு வருவதுமாக இருந்தோம். பெரியம்மாவும் கூடவே வந்தாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். சிரித்தார்கள். பெரியம்மா அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் ஓரிடத்தில் வைத்துக் காட்டினாள்.

"யம்மா, வாம்மா, போட்டுட்டுப் போவோம்!" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறு, போவோம்" என்றாள் அம்மா.

போலீஸ்காரர் பெரியம்மாவிடம் வந்தார். "ஏம்மா, நீங்கதான் காலையிலயே போட்டுட்டீங்களே, வெளிய வாங்க."

"தங்கச்சிக்குத் தல சுத்துதுய்யா. தொணைக்கு நிக்கிறேன்" என்றாள் பெரியம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார், தலை சுற்றுகிற ஆளாகத் தெரியவில்லை. என்ன நினைத்தாரோ, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அதில் பெரியம்மா உட்கார்ந்தாள். நான் வயிற்றெரிச்சலோடு தரையில் உட்கார்ந்தேன்.

நாலு மணி வாக்கில் வரிசையில் எங்களைத் தவிர யாருமே இல்லை. வழிவிட ஆள் இல்லாமல்தான் அம்மா உள்ளே போனாள். பேரை வாசித்தார்கள், விரலில் மை வைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் பீப் என்று ஒரு சத்தம். ஒரு நிமிஷ வேலை. இதற்காகவா அரைநாள் வெயிலில் காய்ந்தேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்தபோது அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். கால் வலி போல என்று நினைத்தேன். நன்றாக வலிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

பஸ்ஸில் என் காதோரம் குனிந்து, "பெரியம்மாவப் பாத்தத அப்பாகிட்ட சொல்லக் கூடாது, என்ன?" என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் அப்பா அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என் குறை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். வெயில், கூட்டம், கூடை, வரிசையில் நிற்கவே தெரியாத அம்மா. ஊருக்கெல்லாம் வழிவிட்டுக் கடைசி ஆளாகத்தான் போட்டது என்றேன். அம்மாவுக்கு இன்றைக்கு நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அப்பா திட்டவில்லை. அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டார். "பெரியம்மாவுக்கு ஒடம்பு தேவலையா? எந்திரிச்சு நடக்குறாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியம்மாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே. "நான் பாக்கலையே" என்றேன்.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. சொம்புத் தண்ணீரை ஊற்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, போ. நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அவளிடம் சொல்லாதே என்று இவர், இவரிடம் சொல்லாதே என்று அவள். வெயிலில் காய்ந்து வந்த என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் அறிவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பல் தேய்க்கப் போனேன்.