தொட்டியக்கா கழுவிய காதெலும்பு

என் நாத்தனாருக்கு எதையும் கழுவாமல் கையில் எடுக்க முடியாது. சோப்பையே கழுவி வைக்கிற ஆள். கல்யாணமாகி நான் அந்த வீட்டில் காலெடுத்து வைத்த அன்றைக்கு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தவள் டம்ளரை என் கண்ணெதிரே இன்னொரு தடவை கழுவிவிட்டுத்தான் நீட்டினாள். என்னைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவளுக்கு வஞ்சகமே தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.

ஊருக்கு வெளியே அகழாய்வுக்காக மேட்டைத் தோண்ட ஆள் எடுத்தபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தோம்; அவளுக்கு ஏற்ற வேலையே கிடைத்தது. எழுத்து என்ற ஒன்று பிறப்பதற்கு வெகு காலம் முன்பு மனிதர்கள் வாழ்ந்து, செத்து, புதைந்த மேடு அது. குழியில் வெட்டிய மண் என் சல்லடைக்கு வரும். நான் சலித்துப் பொறுக்கிய கல், ஓடு, எலும்பு எல்லாம் தட்டில் அவள் தொட்டிக்குப் போகும். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மண்ணைப் போக்கிக் காயவைப்பாள். நாளாக ஆக அவள் பெயரே மறந்துபோய் எல்லாரும் தொட்டியக்கா என்றார்கள்.

இந்த வேலைக்கெல்லாம் வெகு காலம் முன்பு, கல்யாணமான புதிதில், அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அறுத்த வயிற்றோடு அவள் வேறொரு மாடியில் மயங்கிக் கிடந்தாள். அவள் கண் விழிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த துணியோடு ஆண்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"குளிப்பாட்டினீங்களா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. புருஷனும் தங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வருஷம் குழியின் அடியில் இரண்டு பேர் வெளிப்பட்டார்கள். ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண், அவள் கையணைப்பில் ஒரு கைக்குழந்தை. பார்த்தவர்கள் எல்லாரும் அம்மாவும் பிள்ளையும் என்றோம். அகழாய்வை நடத்துகிற டாக்டரம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாமளா முடிவு பண்ணிடக் கூடாது. வேற இடத்துல இப்படி அணைச்சுக் கிடந்தவங்களைச் சோதிச்சா ரத்த சம்பந்தமே இல்லைன்னு வந்திருக்கு. எலும்புக்குள்ள இருக்கிற மரபணுதான் சொல்லணும். அதனால யாரும் வெறும் கையால தொடாதீங்க, பக்கத்துல தும்மாதீங்க, கழுவவே கழுவாதீங்க. நம்மளோடது ஒட்டிக்கிட்டா அவங்களோடது தெரியாமப் போயிடும்."

மறுநாளிலிருந்து குழிக்குள் இறங்குகிறவர்களுக்கு வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. பூச்சி மருந்து அடிக்க வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். தொட்டியக்கா டாக்டரம்மாவை விடவில்லை. நிழல் மாதிரி பின்னாலேயே போனாள்.

"அம்மாதான்னு வந்துடும்ல?"

"வந்தா உன்கிட்டதான் முதல்ல சொல்வேன், போதுமா?"

சாப்பிட உட்கார்ந்தாலும் அவளுக்கு அதே பேச்சு. "பெத்தவ பக்கத்துல இருந்தான்னா அது பயந்திருக்காது அண்ணி," என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

குழந்தையின் எலும்புகள் பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தன. காதை ஒட்டிய கெட்டியான எலும்பில்தான் மரபணு அழியாமல் இருக்குமாம். ஒரு பக்கத்தது நசுங்கிவிட்டது. இன்னொன்று மண்ணோடு கலந்திருந்தது. அந்தத் தலைமாட்டு மண்ணைத் தனியாகச் சலித்துத் தட்டில் மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நனைந்துவிடும் என்கிற அவசரத்தில் யாரோ எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக அள்ளி, எப்போதும்போலத் தொட்டியடியில் இறக்கிவிட்டார்கள்.

நான் அதே கூரைக்கடியில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பிரஷ் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் பிரஷ் கீழே கிடக்கிறது. உள்ளங்கையில் சுண்டுவிரல் நுனியளவு எலும்பு. கண்ணில் தண்ணீர் போகாமல் பிள்ளைக்கு முகம் கழுவுகிற மாதிரி, வெறும் விரலால் அதைத் தடவித் தடவிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?"

"பிள்ளையோடது," என்றாள். "முதல்ல தெரியல அண்ணி. தெரிஞ்சப்ப பாதி கழுவிட்டேன். பாதியில விட மனசு வரல."

அவளே அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா கத்தினார். கத்தாமல் என்ன செய்வார்? இருப்பது அந்த ஒரு எலும்புதான். அப்புறம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாருடையது ஒட்டியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க எங்கள் எல்லார் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, அதையும் எலும்போடு சேர்த்து அனுப்பினார்கள்.

முடிவு வர மாதக்கணக்கானது. டாக்டரம்மா தானே தொட்டியடிக்கு வந்து, ஒரு தட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பளையோடது தெளிவா வந்திருக்கு. பிள்ளையோட எலும்புல உன்னோடதுதான் வந்திருக்கு. அதைக் கழிச்சா, மிச்சத்தை வச்சு எதுவும் சொல்ல முடியல."

"அப்போ அவ அம்மா இல்லையா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆமான்னும் சொல்ல முடியாது. இனி எப்பவுமே தெரியாதும்மா."

அவள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஸ் நிற்கிற இடத்தில், ஜனங்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் உட்கார்ந்து அழுதாள். "பெத்தவகிட்டேருந்து பிரிச்சுட்டேன் அண்ணி."

"செத்து எத்தனை ஆயிரம் வருஷமாச்சு, உளறாதே, எழுந்திரு," என்று அதட்டினேன். என் வாய் அப்படி. தன் பிள்ளையைத் தொடக் கொடுத்துவைக்காதவள் ஊரான் பிள்ளையைத் தொட்டதும் இப்படியா ஆக வேண்டும்?

அதன் பிறகு அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை. குழியடியில் மண் சுமக்கிறாள்.

போன வாரம் என் பெண் பிரசவமாகி வீட்டுக்கு வந்தாள். என் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டி வளர்த்தவள் தொட்டியக்காதான். வெந்நீர் விளாவி வைத்தவள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரமாக நின்றாள்.

"அத்தை, நீங்கதான் குளிப்பாட்டணும். வாங்க," என்று என் பெண் குழந்தையை நீட்டினாள்.

"கையுறை போட்டுக்கட்டுமா?" என்றாள் தொட்டியக்கா.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து என் பெண் சிரித்தாள். தொட்டியக்கா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.