மீன் பெட்டியில் கெரட்டின்

ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டி பழுதானபோது கெரட்டின் குப்பியை எங்கே வைப்பதென்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் மாமியின் டீப் பிரீசர் இருக்கிறது. சூரை மீனும் பாரை மீனும் கல்லாய்க் கிடக்கிற அதற்குள் விரல்நுனி அளவு குப்பிக்கா இடமில்லை?

கெரட்டின் நம் தோலிலும் நகத்திலும் தலைமயிரிலும் உள்ள புரதம். தோல் காயம் ஆறுவதைப் பற்றிய என் ஆய்வு முழுவதும் அந்தக் குப்பியை நம்பித்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அது வந்து சேர்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இன்னொன்று வாங்க வழியும் இல்லை. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள், அவ்வளவுதான்.

மாமி என் கணவரின் தாய், மீன் வியாபாரி. விசாரிக்காமல் எதையும் பிரீசருக்குள் விடமாட்டார். இது ஆருடையது என்று கேட்டார். எவருடையதும் இல்லை, மனித மரபணுவைப் பற்றீரியா என்ற நுண்ணுயிருக்குள் வைத்து அதைக்கொண்டு செய்விக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன்.

"ஆர் செய்தாலும் மனிசரின்ர சாமான்தானே, பிள்ளை" என்றார். நான் குப்பியை உள்ளே வைத்தேன். மாமியோடு கதைத்து யாரும் வென்றதில்லை.

அம்மன் கோயில் கொடியேறும் நாளில் நான் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வீட்டுப் பின்வளவால் வந்தேன். பிரீசர் மூடி திறந்து கிடந்தது. மின்சாரம் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. என் குப்பியையும் காணவில்லை.

கலியாணமான பிறகு எனக்கு அது முதல் திருவிழா. திருவிழா முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இருக்கக்கூடாது. மீன் எல்லாம் முன்வீட்டுக் கத்தோலிக்க அக்காவின் பிரீசருக்குப் போய்விடும். அவர்கள் வீட்டு இறைச்சி தவக்காலத்தில் எங்களிடம் வரும். இந்த ஏற்பாடே எனக்குப் பக்கத்து வளவில் நின்ற ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. முன்வீட்டுக்கு ஓடினேன். அக்கா பாவம், ஒவ்வொரு பையாக எடுத்துக் காட்டினார். குப்பி இல்லை.

மாமி அதைக் கழிவு மீனோடு கொட்டிவிட்டார் என்றே முடிவுகட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. கோயிலுக்கே போய் மாமியை நாலு கேள்வி கேட்பதென்று, சீலை மாற்ற வீட்டுக்குள் நுழைந்தேன்.

மாமி கோயிலுக்குப் போகவில்லை. புதுச்சீலையும் தலைநிறையப் பூவுமாக அறைக்குள் கதிரையில் இருந்தார். மடியில் சின்ன ஐஸ் பெட்டி. உள்ளே, நன்றாகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் என் குப்பி.

"மீனோட அனுப்ப மனம் வரேல்லை. தனிய விட்டிட்டுப் போகவும் ஏலாது. ஐஸ் கரைஞ்சால் ஆர் போடுறது?"

கோயில் மேளம் வீடுவரை கேட்டது. கொடி ஏறிவிட்டது. மாமி ஒரு வருடமும் தவறவிடாத கொடியேற்றம். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் எனக்கு எவ்வளவு வேண்டியவர் என்று அன்றுதான் தெரிந்தது.

"நீங்கள் போங்கோ மாமி. நான் வைச்சிருக்கிறன்" என்று பெட்டியை வாங்கினேன். ஆட்டாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்.

தண்ணீர் படாத உலர்ந்த தூள் அது. ஒரு நாள் மேசையில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இதை மாமிக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பி வந்தவர் கையில் திருநீறு இருந்தது. என் நெற்றியில் பூசினார். விரலில் மிஞ்சியதை ஐஸ் பெட்டியின் மூடியில் பூசினார்.