தெய்வானையின் ஏழு மணிச் சோறு

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. இணைப்பைக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். எட்டு ஆண்டுகளில் நான் அதை மீறியதில்லை. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மருத்துவமனையிலிருந்து, மலாக்காவில் கஜா பேராங் பகுதியிலுள்ள ஒரு மளிகைக் கடைக்கு இணைப்புக் கேட்டார்கள். கொடுத்தேன். "கம்போங் செட்டியில தெய்வானை வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்கள். காதை எடுக்க என்னால் முடியவில்லை. தெய்வானை இறந்துபோன செய்தி முழுவதையும் கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த இணைப்பையும் கொடுத்தேன், அதற்கடுத்ததையும் கொடுத்தேன். பக்கத்து நாற்காலி மூன்று நாளாகக் காலியாக இருந்தது. அது அவருடைய நாற்காலி.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். முகம் தெரியாமல் குரலை மட்டும் அறிந்தவர்கள் இன்னும் அதிகம். பல தலைமுறை முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிக் குடும்பம்; கம்போங் செட்டி அவர்கள் கிராமம். கும்பிடுவது முருகனை, பேசுவது மலாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவரை இழந்தவர், அவருக்கு ஒரே மகள். நான் அவரைக் 'காக்' என்பேன், மலாயில் அக்கா. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். இங்கே தமிழாக்கித் தருகிறேன். கேட்டால் சிரித்திருப்பார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாள்களில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஓய்வுபெற்று மாமனார் எங்களோடு வந்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. நாற்பது வருஷம் மணியடித்து வேலை, மணியடித்துச் சோறு என்று வாழ்ந்தவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏழு மணிக்குத் தட்டுல சோறு விழணும் புள்ள, ரெண்டு கறியோட. முடியலன்னா வேலைய விட்டுரு. தீபாவளி வரைக்கும் பாக்குறேன்" என்றார். என் கணவர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். எனக்கோ வேலை முடிவதே ஆறு மணிக்கு. வீடு சேர இருபது நிமிடம். மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றே ஒன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதிவரை படித்த முதல் பெண் நான். அந்த நாற்காலியை விட்டால் படித்த படிப்பெல்லாம் வீண் என்றே நினைத்தேன்.

ஓய்வறையில் உட்கார்ந்து அழுததை அவர் பார்த்துவிட்டார். "அழுதா வெங்காயம் வெந்திடுமா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றார்.

போனேன். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், செராய் என்ற எலுமிச்சைப் புல் தண்டு, இஞ்சி மாதிரியான லெங்குவாஸ் கிழங்கு எல்லாவற்றையும் அம்மியில் மைய அரைத்து, எண்ணெயில் கொட்டி வதக்கினார். நான் கரண்டியை வாங்கிப் பத்தே நிமிடத்தில் இறக்கப் பார்த்தேன். கையில் ஓர் அடி விழுந்தது. "சாபார், அடிக். அவசரத்தையெல்லாம் சாயங்காலத்துக்கு வச்சிக்கோ. இங்க அவசரப்படாதே. எண்ணெய் தனியா மேல வரணும்." சாபார் என்றால் பொறுமை, அடிக் என்றால் தங்கை. எண்ணெய் மேலே வந்த பிறகே ஜாடியில் அடைத்தார். ஒரு வாரம் கெடாது. மாமனாருக்கு இறால் விழுதான பெலாச்சான் ஆகாது என்றதால், தான் பெலாச்சான் இல்லாமல் எதையும் சமைக்காதவர், எனக்கென்று அது சேர்க்காத விழுது செய்தார்.

அதற்குப் பிறகு என் சாயங்காலமே மாறிப்போனது. ஒருநாள் இரண்டு கரண்டி விழுதில் புளியைக் கரைத்து ஊற்றிக் கெம்போங் என்ற கானாங்கெளுத்தி மீன். ஒருநாள் அவித்த முட்டையை அதிலேயே போட்டுப் புரட்டல். மாமனாரின் சைவ நாள்களில் தேங்காய்ப்பாலில் கீரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், இல்லாவிட்டால் அன்னாசிப்பழக் கறி. இன்னொரு கறியைக் காலையிலேயே வைத்துவிடுவேன்; ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஏழுக்குத் தட்டு. மாமனார் இரண்டாம் முறை சோறு கேட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முதல் மாதம் நானும் அம்மி முன் உட்கார்ந்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு ஒரு சாக்கும் வந்தது. துணி துவைக்க வேண்டும், தலைவலி, விருந்தாளி. ஆனாலும் திங்கட்கிழமை காலை என் மேசையில் ஜாடி இருக்கும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமனார் சாப்பிடச் சொல்லி உட்காரவைத்தார். அன்று முட்டைப் புரட்டல். "சாப்பிட்டுப் பாரும்மா, என் மருமக கைப்பக்குவம்! வேலைக்கும் போயிட்டு இப்படிச் சமைக்கிறவ மலாக்காவிலேயே கிடையாது. உங்க ஆளுங்க மாதிரி எல்லாத்துலயும் பெலாச்சானப் போட்டு நாறடிக்க மாட்டா" என்றார். காக் தெய்வானைக்குப் பேசத்தான் வராது, தமிழ் நன்றாகப் புரியும். விழுது அவருடையது என்று நான் அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அவர் மெதுவாக மென்று விழுங்கினார். "ரொம்ப நல்லா" என்று தெரிந்த தமிழில் சொன்னார். அவர் போனபின் மாமனார், "வேலைக்குப் போ புள்ள. இனிமே நான் கேக்கமாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு அந்த வேலை வேணும். எனக்குப் பேரு எதுக்கு? போய் உட்காரு, விளக்கு எரியுது பார்" என்று என் இணைப்புப் பலகையில் அழைப்பு விளக்கைக் காட்டினார். அத்தோடு சரி. ஜாடி வருவது நிற்கவில்லை.

சென்ற மாதம் அவர் அடக்கம் முடிந்து வந்த அன்று மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "முன்னமே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த நல்லதா பேசியிருப்பேனே" என்றார்.

பதினாறாம் நாளுக்கு முந்திய மாலை அவர் மகள் லெட்சுமி என்னைத் தேடி வந்தாள். மறைந்தவர் ஆசையாய்ச் சாப்பிட்டவற்றைச் சமைத்து இலையில் படைப்பது அவர்கள் வழக்கம். "அம்மா வீட்டில எனக்குப் பிடிச்சதத்தான் செய்வாங்க. உங்ககூடத்தானே எட்டு வருஷமா மத்தியானம் சாப்பிட்டாங்க. அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள்.

யோசித்தேன். மத்தியானம் அவர் என் டிபனைத் திறந்து, "இன்னிக்குச் சரியா வந்திருக்கா?" என்று ருசி பார்ப்பார். தன் டிபனை என் பக்கம் தள்ளுவார். நான் தின்றேன். எட்டு வருஷம் தின்றேன். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. லெட்சுமியிடம் "தெரியாது" என்றுதான் சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை என்னவென்றால், இன்றும் எனக்கிருக்கும் வேலை, என் மேசையில் கழுவித் திருப்பித் தராத ஒரு ஜாடி, லெட்சுமி கேட்ட அந்தக் கேள்வி. வரும் போகியன்று கம்போங் செட்டியில் மறைந்தவர்களுக்கெல்லாம் மறுபடி இலை போடுவார்கள். அவரோடு பள்ளியில் படித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள் யாராயிருந்தாலும் சரி, தெரிந்தால் அதற்குள் எனக்கு வந்து சொல்லுங்கள். காக் தெய்வானைக்கு என்ன பிடிக்கும்?